எழுத்தறியாதவர் படைத்த எழுத்து!

அவருக்கு எழுதத் தெரியாது. படிக்கவும் தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலை அவர் மிதித்ததே இல்லை. ஆங்கிலம் பேசவும் வராது.

ஆனால், அவர் ஓர் இனத்துக்கே எழுத்துக் கொடுத்தார்!

அந்த எழுத்தில் பத்திரிகை வந்தது. சட்டம் எழுதப்பட்டது. வைத்தியர்கள் மருந்து முறைகளை எழுதி வைத்தார்கள். தூர தேசம் போனவர்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள்.

அவர் பெயர் செக்வோயா. செவ்விந்தியர் என்று அழைக்கப்பட்டு வந்த அமெரிக்கப் பூர்வகுடி மக்களில், செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர்.

உலகத்தில் எத்தனையோ எழுத்துக்கள் உண்டு. பெரும்பாலானவற்றை உண்டாக்கியவர் இன்னார் என்று சொல்ல முடியாது. பல நூறு ஆண்டுகளில், பல பேர் கைபட்டு வளர்ந்தவை அவை. செரோக்கி எழுத்து அப்படி அல்ல. அது ஒரே மனிதரின் உழைப்பு. ஏறத்தாழ 12 ஆண்டுகள், ஊராரின் ஏச்சையும் பேச்சையும் தாங்கிக்கொண்டு, அவர் அதை உருவாக்கினார்.

தாய் வளர்த்த பிள்ளை

அமெரிக்காவில் டென்னஸி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே லிட்டில் டென்னஸி என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில் டஸ்கீகி என்று ஒரு செரோக்கி கிராமம் இருந்தது. செக்வோயா அங்கேதான் பிறந்தார். பிறந்த ஆண்டு ஏறக்குறைய 1770. பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. குறித்து வைக்க அப்போது அவர்களிடம் எழுத்து ஏது?

தாய் செரோக்கிப் பெண். அவள் பெயர் வூட்டே. தந்தை கிஸ்ட் என்ற வெள்ளைக்காரர் என்பது பரவலான கருத்து. தந்தையின் நிழல் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. தாய்தான் வளர்த்தாள்.

செரோக்கி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை யாராக இருந்தாலும், தாய் செரோக்கி என்றால் பிள்ளையும் செரோக்கிதான். ஆகவே செக்வோயா செரோக்கியாகவே வளர்ந்தான். செரோக்கி மொழி ஒன்றே பேசினான். வெள்ளைக்காரர்கள் மட்டும் அவனை ஜார்ஜ் கிஸ்ட் என்றும், ஜார்ஜ் கெஸ் என்றும் அழைத்தார்கள்.

அவனுக்கு ஒரு கால் ஊனம். வேட்டைக்குப் போன இடத்தில் அடிபட்டது என்பார் சிலர். நோயினால் வந்தது என்பார் சிலர். எப்படி வந்ததோ, ஓடியாடித் திரிய முடியாதவனுக்குக் கைவேலையில் மனம் சென்றது.

வெள்ளி வேலை

வாலிபப் பருவத்தில் செக்வோயா வெள்ளி வேலை கற்றுக்கொண்டார். காப்பு, காதணி, மார்பில் குத்திக்கொள்ளும் அணி எல்லாம் செய்தார். வேலை நேர்த்தியாக இருந்தது. ஊர் ஊராகப் பெயர் பரவியது. பிறகு உலைக்களம் வைத்து இரும்பு வேலையும் செய்தார். படம் வரைவதிலும் அவருக்குக் கை ஓடியது.

நாலு பேர் தேடி வரும் தொழிலாளி ஆனதும், கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. பட்டறைக்கு வருகிறவர்களுடன் சேர்ந்து குடித்தார் என்றும், தொழில் கெட்டுப்போகும் நிலை வந்த பிறகு அதை அடியோடு விட்டொழித்தார் என்றும் சொல்வார்கள்.

செய்த நகையில் தம் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று செக்வோயாவுக்கு ஓர் ஆசை. ஆனால் பெயரை எழுதுவது எப்படி? செரோக்கித் தலைவர்களில் ஒருவரான சார்லஸ் ஹிக்ஸுக்கு ஆங்கிலம் எழுதத் தெரியும். அவரிடம் போனார். ஹிக்ஸ் ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்து, அப்படியே வெள்ளியில் வெட்டினார் செக்வோயா. எந்தக் கோடு என்ன ஓசை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோடுகள் தம் பெயரைச் சொல்கின்றன என்பது தெரிந்தது.

பேசும் இலைகள்

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிகளும் பாதிரிமார்களும் செரோக்கி நாட்டில் நடமாடினார்கள். அவர்கள் காகிதத்தில் ஏதோ கிறுக்குவார்கள். அந்தக் காகிதம் எங்கோ போகும். அங்கே இருப்பவர் அதைப் பார்த்து, எழுதியவர் மனத்தில் இருந்ததை அப்படியே சொல்வார்!

செரோக்கி மக்களுக்கு இது வியப்பாக இருந்தது. காகிதத்துக்கு அவர்கள் பேசும் இலைகள் என்று பெயர் வைத்தார்கள் என்பார்கள். இது வெள்ளையருக்கு மட்டும் கடவுள் கொடுத்த வரம் என்று சிலர் நினைத்தார்கள். மாந்திரீகம் என்று சிலர் நினைத்தார்கள்.

செக்வோயா அப்படி நினைக்கவில்லை. அவர் கைத்தொழில் தெரிந்தவர். மனிதன் செய்த எதையும் இன்னொரு மனிதன் செய்ய முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை, நம் பேச்சையும் இப்படிக் குறியாக எழுதலாம் என்று நண்பர்களிடம் வாதாடினார். ஒரு தட்டைக் கல்லை எடுத்து, ஊசியால் சில கோடுகள் கீறிக் காட்டினாராம். நண்பர்கள் சிரித்தார்கள்.

அது 1809-ம் ஆண்டு வாக்கில் நடந்தது. அவருக்கு அப்போது சுமார் 40 வயது.

போர்க்களத்தில்

1813-ல் போர் மூண்டது. கிரீக் என்ற மற்றோர் இனத்தாரில் ஒரு பிரிவினரை எதிர்த்து அமெரிக்கப் பட்டாளம் புறப்பட்டது. அந்தப் பட்டாளத்துக்குத் துணையாகச் செரோக்கி வீரர்களும் போனார்கள். கால் ஊனமுற்ற செக்வோயாவும் அந்தப் படையில் சேர்ந்தார். 1814 மார்ச் 27-ம் தேதி, ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. அமெரிக்கப் படைக்கு வெற்றி. அந்தப் படையின் தளபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் வரும்.

கூடாரத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். வீட்டிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தார்கள். மேலதிகாரியின் உத்தரவுகளை எழுதி வைத்துக்கொண்டார்கள். செரோக்கி வீரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாது. தாம் உயிரோடு இருப்பதையும் அவர்களுக்குத் தெரிவிக்க முடியாது.

போர் முடிந்து வீடு திரும்பினார் செக்வோயா. எழுத்து வேண்டும் என்ற எண்ணம் முன்னைவிட உறுதிப்பட்டது. மற்ற வேலைகளை ஒதுக்கினார். முழு மூச்சாக இதில் இறங்கினார்.

ஒரு சொல்லுக்கு ஒரு குறி

முதலில் அவர் பிடித்த வழி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி. மரத்துக்கு ஒன்று. மழைக்கு ஒன்று. குதிரைக்கு ஒன்று. மரப்பட்டையில் குறிகளைக் கீறிக் கீறி வைத்தார்.

குறிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆயிரக்கணக்கில் பெருகின. ஆனாலும் மொழி தீர்ந்தபாடில்லை! செரோக்கி மொழியில் ஒரு வினைச்சொல் எத்தனையோ உருவம் எடுக்கும். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி போட்டால் யார் நினைவில் வைத்துக்கொள்வது? உண்டாக்கியவருக்கே முந்தா நாள் போட்ட குறி மறந்துபோயிற்று.

பல நாள் உழைப்பு. எல்லாம் வீண். அந்த வழியையே விட்டுவிட்டார்.

ஊர் சிரித்தது, வீடு எரிந்தது

இதற்குள் ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. உழவு நேரத்தில் உழவில்லை. பட்டறையில் உலை மூட்டவில்லை. எந்நேரமும் மரப்பட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்றது. விவரம் அறியாத சிலர் அதற்கும் மேலே போனார்கள். பில்லி சூனியம் செய்கிறார் என்று முணுமுணுத்தார்கள். செரோக்கி மக்களிடையே சூனியக்காரன் என்று பெயர் எடுப்பது லேசான விஷயம் அல்ல. உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நண்பர்கள் வந்து புத்தி சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. இந்த வேலையைத் தொடங்கியது மக்கள் சொல்லி அல்ல. ஆகவே அவர்கள் சொல்லி இதை நிறுத்தப் போவதும் இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். வயல் தரிசாகக் கிடந்தது. ஒரு நாள் மரப்பட்டைகள் அத்தனையும் நெருப்பில் எரிந்து சாம்பலாயின. எரித்தவள் மனைவிதான் என்பது வழிவழியாக வரும் கதை. அண்டை அயலார் என்று சொல்பவர்களும் உண்டு.

யார் எரித்திருந்தாலும், எரிந்தது பல நாள் உழைப்பு. வேறொருவராக இருந்தால் அன்றோடு விட்டிருப்பார். செக்வோயா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

காது காட்டிய வழி

இந்தத் தடவை அவர் கண்ணை நம்பவில்லை. காதை நம்பினார்.

மக்கள் பேசுவதைக் கூர்ந்து கேட்டார். சந்தையில் கேட்டார். கூட்டங்களில் கேட்டார். குழந்தைகள் விளையாடும்போது கேட்டார். சொற்கள் ஆயிரம் ஆயிரமாக இருந்தாலும், அவற்றில் வரும் ஓசைத் துண்டுகள் ஒன்றேதான் என்பது அவருக்குப் புலப்பட்டது. அதே துண்டுகள்தான் மாறி மாறி வருகின்றன. செங்கல் ஒன்றுதான், அதை வைத்து வீடும் கட்டலாம், கிணறும் கட்டலாம்.

சொல்லுக்குக் குறி போடாமல், அந்த ஓசைத் துண்டுக்குக் குறி போட்டால்?

பூட்டுத் திறந்துகொண்டது!

ஓசைகளை எண்ணினார். குடும்பத்தாரையும் கூட உட்கார்த்திக் கேட்கச் சொன்னார். விட்டுப்போன ஓசைகளைச் சேர்த்தார். ஒன்றுபோல் ஒலித்தவற்றை ஒன்றாக்கினார். கடைசியில் 86 எழுத்துக்கள் போதும் என்று கண்டார். பிறகு அச்சு வந்த காலத்தில் ஒன்று கழிந்து 85 ஆயிற்று.

இந்த எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். நம்முடைய 'க', 'கா', 'கி', 'கு' போன்ற உயிர்மெய் எழுத்துக்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு முழு ஓசை. செரோக்கி எழுத்தும் அப்படித்தான். 'க' ஓசைக்கு ஓர் எழுத்து. 'கி' ஓசைக்கு ஓர் எழுத்து. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் 'க' தெரிந்தால் போதும். காலும் கொம்பும் சுழியும் சேர்த்து மற்றவற்றை எழுதிவிடலாம். செரோக்கியில் அப்படி இல்லை. 'க' ஒரு வடிவம். 'கி' அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வடிவம். உயிரெழுத்து ஆறு. அதில் ஒன்று மூக்கால் ஒலிப்பது. மெய்யெழுத்தில் தனித்து நிற்பது 'ஸ்' ஒன்றுதான்.

வடிவங்களுக்கு அவர் என்ன செய்தார்? சிலவற்றைத் தாமே வரைந்தார். சிலவற்றை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது அல்லவா? அதனால் அந்த எழுத்துக்கு ஆங்கிலத்தில் என்ன ஓசை என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஆங்கில 'டி' போன்ற வடிவம் செரோக்கியில் 'அ' ஆயிற்று. 'டபிள்யூ' போன்றது 'லா' ஆயிற்று. 'எச்' போன்றது 'மி' ஆயிற்று. 'இசட்' போன்றது 'நோ' ஆயிற்று. ஆங்கிலம் தெரிந்தவன் செரோக்கிப் பத்திரிகையைப் பார்த்தால், தெரிந்த எழுத்தாக இருக்கும். ஒரு சொல்லும் விளங்காது!

மகள் படித்துக் காட்டினாள்

1821-ல் எழுத்து முழுமை பெற்றது. ஆனால் யார் நம்புவார்கள்?

செக்வோயாவின் முதல் மாணவி அவருடைய சின்ன மகள். அவள் பெயர் அயோகா. ஊர் பெரியவர்கள் கூடினார்கள். மகளைத் தூரத்தில் நிற்க வைத்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, செக்வோயா எழுதினார். எழுதியதை மகளிடம் கொடுத்தார்கள். குழந்தை மளமளவென்று படித்தாள்! இவர்கள் சொன்னது அவள் வாயிலிருந்து பிசகாமல் வந்தது.

பெரியவர்கள் திகைத்துப்போனார்கள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. அப்பனும் மகளும் முன்பே பேசி வைத்துக்கொண்டிருக்கலாமே? சூனியமாகவும் இருக்கலாமே?

சில இளைஞர்களைத் தாங்களே பொறுக்கி எடுத்து அவரிடம் அனுப்பினார்கள். அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். பிறகு அவர்களைப் பிரித்து நிறுத்தி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கும்படி பல விதமாகச் சோதித்தார்கள். எல்லாச் சோதனையிலும் எழுத்து வென்றது.

செக்வோயா முதன் முதலில் எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? செரோக்கி நாட்டுக்கும் ஜார்ஜியா, டென்னஸி மாநிலங்களுக்கும் இடையே உள்ள நில எல்லையைப் பற்றி! அவருடைய உறவினரும் செரோக்கித் தலைவருமான ஜார்ஜ் லோரி தந்த தகவல் இது. பிறகு ஒரு வழக்கில் தம் தரப்பை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாராம். மற்றவர்கள் வாயால் வாதாட, இவர் தாளைப் பார்த்துப் படித்தாராம். கூடியிருந்தவர்கள் வாய் பிளந்து நின்றார்களாம்.

காட்டுத் தீ

அந்த நாளில் செரோக்கி மக்களில் ஒரு பகுதியினர் மேற்கே வெகு தொலைவில், ஆர்கன்ஸா பகுதியில் குடியேறி இருந்தார்கள். அங்கே போன செக்வோயா, அவர்களுக்கும் எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். கிழக்கே இருந்தவர்கள் மேற்கே இருந்த உறவினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மேற்கிலிருந்து பதில் வந்தது. பல நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் அண்ணன், தம்பியின் சேதி, சொந்த மொழியில், சொந்த எழுத்தில்! இதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

எழுத்து காட்டுத் தீ போலப் பரவியது. இதற்குப் பள்ளிக்கூடம் கட்டவில்லை. வாத்தியார் சம்பளம் இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுத் திண்ணையில் படித்தார்கள். பாதையோரத்தில் படித்தார்கள். வேலியிலும் மரத்திலும் எழுதிப் பழகினார்கள். செரோக்கி பேசத் தெரிந்தவன் 85 எழுத்தையும் மனப்பாடம் செய்துவிட்டால் போதும். அன்றே படிக்கலாம்! ஆங்கிலம் கற்க ஆண்டுக் கணக்கில் ஆன இடத்தில், இதைச் சில நாட்களில் கற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் செரோக்கி மக்களில் பெரும்பகுதியினர் எழுத்தறிவு பெற்றுவிட்டார்கள்.

பைத்தியம் என்று சொன்ன ஊர், இப்போது அவரைப் பண்டிதராகப் பார்த்தது. 1824-ல் செரோக்கிப் பேரவை அவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கத் தீர்மானித்தது. பதக்கத்தில் ஆங்கிலத்திலும் செரோக்கியிலும் வாசகம் பொறித்தார்கள். வெள்ளியில் தம் பெயரை வெட்டத் தெரியாமல் தவித்தவருக்கு, வெள்ளியிலேயே அவர் படைத்த எழுத்தில் பாராட்டு!

முதல் பத்திரிகை

செரோக்கி நாட்டின் தலைநகரம் நியூ எக்கோட்டா. இப்போதைய ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பத்திரிகை தொடங்குவது என்று பேரவை முடிவு செய்தது. சாமுவேல் உஸ்டர் என்ற பாதிரியார் பெரிதும் உதவினார். செரோக்கி அச்செழுத்துக்களைப் பாஸ்டன் நகரில் வார்த்தார்கள். அச்சு யந்திரம் கப்பலில் வந்தது. பிறகு வண்டியில் ஏற்றி, காட்டுப் பாதை வழியாகக் கொண்டு சேர்த்தார்கள்.

1828 பிப்ரவரி 21-ம் தேதி, 'செரோக்கி பீனிக்ஸ்' முதல் இதழ் வெளிவந்தது. பீனிக்ஸ் என்பது சாம்பலிலிருந்து உயிர்பெற்று எழுவதாகக் கதைகளில் வரும் பறவை. அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் நடத்திய முதல் பத்திரிகை அதுதான். ஆசிரியர் எலியாஸ் பூடினோ என்ற செரோக்கி இளைஞர். ஒரு பத்தியில் ஆங்கிலம். ஒரு பத்தியில் செரோக்கி. 1827-ல் செரோக்கி மக்கள் தங்களுக்கென்று இயற்றிக்கொண்ட அரசியல் சட்டம் அதில் வெளியாயிற்று.

அதே 1828-ல், மேற்குச் செரோக்கிகளின் தூதுக் குழுவில் ஒருவராகச் செக்வோயா தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்றார். அங்கே சார்லஸ் பேர்ட் கிங் என்ற ஓவியர் அவரைப் படமாக வரைந்தார். தலையில் தலைப்பாகை. வாயில் நீண்ட சுங்கான். கையில் தம் எழுத்துக்கள் அடங்கிய பலகை. இன்று உலகம் அறிந்த செக்வோயாவின் உருவம் அதுதான். மூலப் படம் 1865-ல் தீ விபத்தில் அழிந்துவிட்டது. முன்பே எடுத்த பிரதிகளால் அந்த முகம் பிழைத்தது.

அந்த ஆண்டு ஏற்பட்ட ஒப்பந்தப்படி மேற்குச் செரோக்கிகள் ஆர்கன்ஸாவை விட்டு, இன்றைய ஓக்லஹாமாவுக்கு மாறினார்கள். தம் மக்களுக்குச் செய்த நன்மைக்காகச் செக்வோயாவுக்கு 500 டாலர் கொடுக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அவர் ஓக்லஹாமாவில் சல்லிசா என்ற இடத்துக்கு அருகே மரத் துண்டுகளால் ஒரு சிறு வீடு கட்டினார். விவசாயம் பார்த்தார். உப்புக் காய்ச்சினார். தேடி வந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

கண்ணீர்ப் பாதை

இங்கே ஆண்ட்ரூ ஜாக்ஸன் மறுபடியும் வருகிறார்.

எந்தத் தளபதிக்காகச் செரோக்கி வீரர்கள் ரத்தம் சிந்தினார்களோ, அவர் 1829-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். அதே ஆண்டு ஜார்ஜியாவில் தங்கம் தேடிக் கூட்டம் மொய்க்கத் தொடங்கியது. செரோக்கி மண்ணில் தங்கம் இருந்தது. அதுவே அவர்களுக்கு எமன் ஆயிற்று. 1830-ல், பூர்வகுடி மக்களைக் கிழக்கிலிருந்து மேற்கே அப்புறப்படுத்தும் சட்டத்தில் ஜாக்ஸன் கையெழுத்துப் போட்டார்.

செரோக்கிகள் வில்லை எடுக்கவில்லை. எழுத்தை எடுத்தார்கள். பத்திரிகையில் எழுதினார்கள். மனு எழுதினார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கை நடத்தியவர் பத்திரிகைக்கு உதவிய பாதிரியார் உஸ்டர்தான். ஆனாலும் தீர்ப்பு ஏட்டோடு நின்றுவிட்டது.

1834-ல் பணமில்லாமல் பத்திரிகை நின்றது. 1835-ல் ஜார்ஜியாப் படையினர் அச்சகத்தைக் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டு இறுதியில், செரோக்கி மக்களில் ஒரு சிறு பிரிவினர் நாட்டை விட்டுக் கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் எவ்வளவோ போராடினார். பயன் இல்லை.

1838-ல் பட்டாளம் வந்தது. வீடு வீடாகப் புகுந்து மக்களைப் பிடித்து, முகாம்களில் அடைத்தது. பிறகு பயணம். 1838, 1839 குளிர்காலத்தில், ஏறத்தாழ 1,000 மைல்! சுமார் 16,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் பசியாலும் குளிராலும் நோயாலும் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். கண்ணீர்ப் பாதை என்று சரித்திரம் அதைச் சொல்கிறது.

வீடு போயிற்று. வயல் போயிற்று. முன்னோர்களைப் புதைத்த மண் போயிற்று. எழுத்து மட்டும் அவர்களுடனேயே நடந்து வந்தது.

ஒற்றுமைக்கு உழைத்தார்

மேற்கே வந்து சேர்ந்தவர்களுக்கும், அங்கே முன்பே இருந்தவர்களுக்கும் தகராறு மூண்டது. யார் ஆள்வது? எந்தச் சட்டம்? நாட்டை விட்டுக் கொடுத்தவர்கள்மேல் பழிவாங்கும் வெறியும் சேர்ந்துகொண்டது. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பத்திரிகாசிரியர் பூடினோ, 1839 ஜூன் மாதத்தில் கொலை செய்யப்பட்டார்.

அந்தக் கொந்தளிப்பில், இரு தரப்பும் மதித்த சிலரில் செக்வோயா ஒருவர். அவர் முன்பே மேற்கே குடியேறியவர். ஆனாலும் புதிதாக வந்தவர்களைப் பகைக்கவில்லை. கூடிப் பேசலாம் வாருங்கள் என்று தம் தரப்பாரை அழைத்தார். 1839 ஜூலை மாதத்தில் இரு தரப்பும் ஒன்றாகும் ஒப்பந்தம் ஏற்பட்டது. மேற்குச் செரோக்கிகளின் சார்பில் அதில் ஒப்பமிட்டவர் செக்வோயா. பிறகு டாலக்குவா நகரம் செரோக்கிகளின் புதிய தலைநகரம் ஆயிற்று.

கடைசிப் பயணம்

அவருக்கு 70 வயது தாண்டிவிட்டது. கால் ஊனம். இருமல் வேறு. இனி வீட்டில் ஓய்வாக இருக்கலாம். ஆனால் ஒரு குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

செரோக்கி மக்களில் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து, தெற்கே மெக்ஸிகோ பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி. அவர்கள் எங்கே? எப்படி இருக்கிறார்கள்? அவர்களையும் தேடிப் பிடித்து, எழுத்துக் கற்பித்து, மற்ற செரோக்கிகளுடன் சேர்க்க வேண்டும் என்று விரும்பினார்.

1842-ல் மகன் டீஸியையும் சில தோழர்களையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். டெக்ஸஸ் வழியாக நெடும்பயணம். வழியில் குதிரைகள் களவு போயின. உணவு தீர்ந்தது. உடல் நலிந்தது. நடக்க முடியாத நிலையில், அவர் ஒரு குகையில் தங்கியிருக்க, மற்றவர்கள் உதவி தேடிப் போனார்கள் என்று கூட வந்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

கடைசியில் மெக்ஸிகோவில் செரோக்கி மக்கள் இருந்த இடத்தை அடைந்தார். ஆனால் உடல் தாங்கவில்லை. 1843 ஆகஸ்டு மாதத்தில், சான் பெர்னாண்டோ என்ற ஊரில் உயிர் நீத்தார்.

செய்தி தாய்நாட்டுக்குத் தெரியவில்லை. அவரைத் தேடி ஆள் அனுப்பினார்கள். 1845-ல்தான் மரணச் செய்தி உறுதியாயிற்று. செரோக்கி அரசாங்கம் அவருக்கு அளித்து வந்த உபகாரச் சம்பளம் அவருடைய மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கல்லறை எங்கே இருக்கிறது என்பது இன்றுவரை தெரியாது.

எழுத்து வாழ்கிறது

1844-ல் டாலக்குவாவில் 'செரோக்கி அட்வகேட்' என்ற புதுப் பத்திரிகை தொடங்கியது. செக்வோயாவின் எழுத்தில் பைபிளும் சட்டங்களும் பாடப் புத்தகங்களும் அச்சாயின. கிழக்கே மலைகளில் தப்பி நின்ற செரோக்கி வைத்தியர்கள், மூலிகை முறைகளையும் மந்திரங்களையும் அந்த எழுத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். 1887 முதல் அங்கே சென்ற ஜேம்ஸ் மூனி என்ற ஆராய்ச்சியாளர், அவற்றைக் கண்டு வியந்து சேகரித்தார். பரம்பரை பரம்பரையாக வாய்வழி வந்த அறிவு, அதனால் அழியாமல் நின்றது.

1917-ல் ஓக்லஹாமா மாநிலம் செக்வோயாவின் சிலையை வாஷிங்டன் நாடாளுமன்ற மண்டபத்தில் வைத்தது. அவருடைய மர வீட்டை இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். விண்ணை முட்டும் ஒரு வகை மரத்துக்கு 1847-ல் எண்ட்லிகர் என்ற அறிஞர் 'செக்வோயா' என்று பெயர் சூட்டினார். இவருடைய நினைவாகவே அந்தப் பெயர் வந்தது என்று பலர் கருதுகிறார்கள்.

1999-ல் கம்ப்யூட்டர்களுக்கான உலக எழுத்துப் பட்டியலில் செரோக்கி எழுத்தும் இடம்பெற்றது. இப்போது கைபேசியிலும் அதில் சேதி அனுப்பலாம்.

ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. எழுத்து நிலைத்தது, பேசுவோர் குறைந்துவிட்டார்கள். பல தலைமுறைகளாகச் செரோக்கிப் பிள்ளைகளை ஆங்கிலம் மட்டுமே பேசச் சொன்ன பள்ளிக்கூடங்கள் அதற்கு ஒரு காரணம். 2019-ல் மூன்று செரோக்கி அரசாங்கங்களும் கூடி, மொழிக்கு ஆபத்து என்று அவசர நிலை அறிவித்தன. முதியவர்களிடம் இளைஞர்கள் உட்கார்ந்து மொழி பயில ஏற்பாடு நடக்கிறது. பாடம் முழுவதையும் செரோக்கியிலேயே நடத்தும் பள்ளிக்கூடமும் டாலக்குவாவில் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகள் எழுத்துப் பலகையைப் பார்த்துப் படிக்கிறார்கள். 'டி' போன்ற வடிவத்தைக் காட்டினால், 'அ' என்று சொல்கிறார்கள். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் அயோகா என்ற சிறுமி, ஊர் பெரியவர்கள் முன்னால் நின்று படித்ததும் அதே எழுத்துத்தான்.